எலும்பு சொன்ன பெயர்

இறந்தவர் இன்னார் என்று உறுதி செய்ய நாம் முகத்தைப் பார்க்கிறோம், கைரேகையைப் பார்க்கிறோம். இவ்விரண்டையும் தீ அழித்துவிட்டால் என்ன செய்வது? இக்கேள்விக்கு மருத்துவம் விடை கண்ட வரலாற்றை இன்று காண்போம்.

1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் பேராசிரியர் ரான்ட்ஜன் எக்ஸ்ரே கதிர்களைக் கண்டறிந்தார். உடலைக் கிழிக்காமலே எலும்பைக் காணும் வழி பிறந்தது.

நம் புருவங்களுக்கு மேலே, நெற்றி எலும்பினுள், காற்று நிறைந்த சிறு அறைகள் இருக்கின்றன. அவற்றின் விளிம்பு ஆளுக்கு ஆள் மாறுபடும். உருவத்தில் ஒத்த இரட்டையரிடம்கூட அது ஒன்றுபோல் இராது. வளர்ச்சி முடிந்தபின் அவ்வடிவம் பெரும்பாலும் மாறுவதுமில்லை. ஆகவே எக்ஸ்ரே படத்தில் தெரியும் இவ்வறைகளைக் கொண்டு ஆளை அடையாளம் காணலாம் என்று 1921இல் ஆஸ்திரிய மருத்துவர் ஷூல்லர் கூறினார். 1927இல் கல்பர்ட், லா என்னும் இருவர், இறந்த ஒருவரின் மண்டையோட்டுப் படத்தை அவர் வாழ்ந்தபோது எடுத்த படத்துடன் ஒப்பிட்டு, அவர் யார் என்று நிறுவிக் காட்டினர்.

பெரிய சோதனை 1949இல் வந்தது. செப்டம்பர் 17ஆம் நாள் அதிகாலை, கனடாவின் டொரோண்டோ துறைமுகத்தில் நின்றிருந்த 'நோரோனிக்' என்னும் பயணிகள் கப்பல் தீப்பற்றியது. 119 பேர் மாண்டனர். பெற்ற பிள்ளையும் அடையாளம் சொல்ல முடியாத நிலையில் பல உடல்கள் கிடந்தன. டாக்டர் சிங்கிள்டன் அவ்வுடல்களைப் படம் எடுத்து, பயணிகள் முன்பு சிகிச்சைக்காக எடுத்திருந்த படங்களோடு ஒப்பிட்டார். முதுகெலும்பின் அமைப்பு, பழைய முறிவு, தேய்மானம் ஆகிய ஒவ்வொன்றும் சாட்சி சொன்னது. இவ்வாறு 24 பேருக்குப் பெயர் மீண்டது. அவர்களுடைய குடும்பங்களும் தம்மவரை அடக்கம் செய்ய முடிந்தது.

அவ்வழி இன்றும் தொடர்கிறது. 2009இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் காட்டுத்தீ 173 உயிர்களைக் கொண்டுபோனபோது, உடல்களை ஆராய சி.டி. ஸ்கேன் துணை நின்றது. டி.என்.ஏ. சோதனையும் பல்மருத்துவக் குறிப்புகளும் உடன் உதவுகின்றன.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. பழைய படம் இல்லையேல் புதிய படம் ஊமை. எப்போதோ நெஞ்சுச் சளிக்கோ மூட்டுவலிக்கோ எடுத்த படத்தை ஒரு மருத்துவமனை பத்திரமாக வைத்திருந்ததால்தான் அந்த 24 பேர் பெயரற்ற குழியில் புதைபடாமல் தப்பினர்.

தலையெழுத்தை யாரால் படிக்க முடியும் என்பார்கள். நெற்றி எலும்பில் இயற்கை எழுதிய இந்த எழுத்தைப் படிக்க மனிதன் கற்றுவிட்டான், நேயர்களே.