மலேரியா நிர்ப்பீடனமும் கேகாலைக் கொள்ளைநோயும் (1934–35)

மலேரியா ஒட்டுண்ணி உடலில் இருக்கும்போதே கடும் நோய்க்கு ஆளாகாமல் தாங்கும் வலுவே மலேரியா நிர்ப்பீடனம். பலமுறை தொற்றிய பின்னரே அது படிப்படியாக உண்டாகிறது. தாயின் பிறபொருளெதிரிகள் சிசுவைச் சில மாதங்கள் காக்கும். அதன் பின்னர் வரும் சில ஆண்டுகளே மிக ஆபத்தானவை. உயிராபத்தைத் தடுக்கும் வலு முதலில் கிட்டும். இரத்தத்தில் ஒட்டுண்ணியை அடக்கும் வலு வளர்பருவத்தில்தான் வரும். ஒட்டுண்ணி தன் மேற்பரப்புப் புரதங்களை மாற்றிக்கொண்டே இருப்பது இத்தாமதத்துக்கு முக்கிய காரணம். 1900ஐ ஒட்டி ஜாவாவிலும் நியூகினியிலும் ஆராய்ந்த ரொபர்ட் கொக், ஒட்டுண்ணி குழந்தைகளிடம் மிகுந்தும் பெரியவர்களிடம் அருகியும் இருப்பதைக் கண்டார். நிர்ப்பீடனமுள்ள பெரியவர்களின் பிறபொருளெதிரிகளைச் செலுத்தினால் நோயுற்ற குழந்தைகளின் ஒட்டுண்ணிகள் குறைவதை 1961இல் காம்பியா ஆய்வு காட்டியது.

இலங்கையின் உலர்வலயத்தில் மலேரியா ஆண்டுதோறும் வந்ததால், பிழைத்து வளர்ந்தவர்களுக்கு இவ்வலு ஓரளவு இருந்தது. கேகாலை மாவட்டத்தில் நிலைமை வேறு. அங்கு வழக்கமான மழையில் ஆறுகள் பெருக்கெடுத்தோடி நுளம்புக் குடம்பிகளை அடித்துச் சென்றுவிடும். நோய் அரிது; ஆகவே நிர்ப்பீடனமும் அரிது. 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மகா ஓயா போன்ற ஆறுகள் குட்டைகளாகத் தேங்க, அனோபிலிஸ் கூலிசிபேசிஸ் நுளம்பு பெருகியது. ஆண்டிறுதியில் வெடித்த காய்ச்சல் சிறுவர், பெரியவர் என்று பார்க்கவில்லை. சில மாதங்களில் நாடெங்கும் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். கேகாலையும் குருநாகலும் மிக மோசமாக அடிபட்டன. ஆனால் நிர்ப்பீடனக் குறைவு மட்டும் இத்தனை உயிர்களைக் குடித்திராது. உலகப் பொருளாதார மந்தமும் வறட்சியில் கருகிய பயிரும் கிராமத்தாரை முன்பே பட்டினியில் தள்ளியிருந்தன.

இக்கொள்ளைநோயில் தோட்டத் தொழிலாளரின் லயங்களில் இறப்பு கிராமங்களைவிடக் குறைவு. இதைத் தொழிலாளரின் நிர்ப்பீடனத்தால் மட்டும் விளக்க வேண்டியதில்லை. தோட்ட மருந்தகமும் கொயினாவும் அரிசியும் கைக்கெட்டின. உயரமான தேயிலைத் தோட்டங்களுக்கு இந்நுளம்பு அரிதாகவே ஏறும்.

தொற்று நின்றால் மலேரியா நிர்ப்பீடனமும் சில ஆண்டுகளில் தேயும். உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012இல் பதிவாகி, 2016இல் இலங்கை மலேரியா ஒழிந்த நாடாகச் சான்று பெற்றது. இன்று உலர்வலயத்தார் உட்பட எவரிடமும் இவ்வலுவை எதிர்பார்க்க முடியாது. நோயைக் காவும் நுளம்போ அழியவில்லை. அதனால் வெளிநாடு சென்று திரும்புவோரின் காய்ச்சலுக்கு இரத்தப் பரிசோதனை தொடர்கிறது.