துப்பாக்கிப் பெட்டகம்

துப்பாக்கிப் பெட்டகம் என்பது வீட்டில் சட்டப்படி வைத்திருக்கும் சுடுகலன்களையும் அவற்றின் தோட்டாக்களையும் பூட்டிப் பாதுகாப்பதற்காக வடிவமைக்கப்பட்ட எஃகுப் பெட்டகம் ஆகும். பலரும் நகை, பணம், கடவுச்சீட்டு, சொத்துப் பத்திரம் போன்றவற்றையும் இதனுள்ளேயே வைக்கின்றனர். கன்னக்களவில் ஈடுபடுவோர் துப்பாக்கியை எடுத்துச் செல்லாமல் தடுப்பதும், வீட்டில் உள்ள சிறுவர்களின் கைக்கு அது எட்டாமல் செய்வதும் இப்பெட்டகத்தின் இரு நோக்கங்கள். இவை இரண்டும் ஒன்றல்ல. முதலாவதற்குத் தடித்த எஃகு வேண்டும். இரண்டாவதற்கு எப்போதும் பூட்டியிருக்கும் பழக்கம் வேண்டும்.

பெருமளவில் தனியார் துப்பாக்கி வைத்திருக்கும் ஐக்கிய அமெரிக்காவிலேயே இவ்வகைப் பெட்டகங்கள் மிகுதியாக விற்பனையாகின்றன. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் இவை சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டுள்ளன.

தேவை

திருடப்பட்ட நகை உருக்கப்படும். திருடப்பட்ட துப்பாக்கியோ மற்றொரு குற்றத்தில் பயன்படும். அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் மது, புகையிலை, சுடுகலன், வெடிபொருள் பணியகம் (ஏடிஎஃப்) வெளியிட்ட அறிக்கையின்படி, 2017 முதல் 2021 வரையிலான ஐந்து ஆண்டுகளில் அந்நாட்டில் 10 இலட்சத்திற்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் திருடு போனதாகப் பதிவாகியுள்ளன. இவற்றுள் ஏறத்தாழ 96 விழுக்காடு தனிநபர்களிடமிருந்து களவாடப்பட்டவை. கடைகளிலிருந்து திருடு போனவை மிகச் சிறு பகுதியே. அண்மைய ஆண்டுகளில் வீடுகளைக் காட்டிலும் நிறுத்தி வைத்த வாகனங்களிலிருந்து திருடப்படுவது மிகுந்துள்ளது. வீட்டில் நல்ல பெட்டகம் வைத்திருப்பவரும் மகிழுந்தின் கையுறைப் பெட்டியில் கைத்துப்பாக்கியை விட்டுச் சென்றால் பெட்டகத்தால் பயனில்லை.

வீட்டினுள் ஏற்படும் இழப்பும் சிறியதன்று. துப்பாக்கியைப் பூட்டி வைத்தல், தோட்டாக்களை நீக்கி வைத்தல், தோட்டாக்களைத் தனியே பூட்டி வைத்தல் ஆகிய பழக்கங்கள் உள்ள வீடுகளில் சிறுவர்களின் தற்கொலைகளும் தவறுதலான துப்பாக்கிக் காயங்களும் குறைவாக இருப்பதை 2005 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

அமைப்பு

பெட்டகத்தின் உடல் எஃகுத் தகட்டால் ஆனது. தகட்டின் தடிமன் 'கேஜ்' என்னும் அளவால் குறிக்கப்படும். எண் கூடக்கூடத் தகடு மெலியும் என்பதால் வாங்குபவர் பலர் இங்கு குழம்புகின்றனர். 14 கேஜ் தகடு ஏறத்தாழ 1.9 மிமீ தடிமன் உடையது. 12 கேஜ் ஏறத்தாழ 2.7 மிமீ. விலை குறைந்த பெட்டகங்களில் கதவு தடித்துத் தோன்றினாலும், அத்தடிமனின் பெரும்பகுதி தீத்தடுப்புப் பலகையே அன்றி எஃகு அன்று. கதவைத் தட்டிப் பார்த்து மகிழ்பவர் பக்கச் சுவரைப் பார்ப்பதில்லை. மின் அறுவைக் கருவி வைத்திருக்கும் திருடன் கதவைத் தொட வேண்டிய தேவையே இல்லை.

கதவின் விளிம்பிலிருந்து சட்டத்தினுள் நீளும் எஃகுத் தாழ்க்கோல்கள் கதவைப் பிடித்து வைக்கின்றன. விளம்பரங்களில் தாழ்க்கோல்களின் எண்ணிக்கையே பெரிதாகக் காட்டப்படும். ஆனால் மெல்லிய தகட்டில் 20 தாழ்க்கோல்கள் பொருத்துவதைவிட, வளையாத சட்டத்தில் 6 பொருத்துவது மேலானது. கடப்பாரையால் நெம்பும்போது முதலில் வளைவது சட்டமே. பூட்டைத் துளையிட்டோ அடித்தோ உடைக்க முயன்றால் தாழ்க்கோல்களை நிலையாக இறுக்கிவிடும் மறுபூட்டு அமைப்பும், பூட்டின் முன் துளைக்கருவிக்கு எளிதில் இடங்கொடாத கடின எஃகுத் தகடும் நல்ல பெட்டகங்களில் இருக்கும்.

தர நிர்ணயம்

அமெரிக்காவில் விற்கப்படும் துப்பாக்கிப் பெட்டகங்களில் மிகப் பெரும்பாலானவை, தொழில்முறை வழக்கில் பெட்டகம் என்றே கருதப்படுவதில்லை. யூஎல் நிறுவனத்தின் 1037 ஆம் இலக்கத் தரம் இவற்றை 'வீட்டுப் பாதுகாப்புக் கொள்கலன்' என்று வகைப்படுத்துகிறது. இதன் அடிப்படைச் சோதனையில் ஒருவர் சுத்தியல், திருப்புளி, சிறு நெம்புகோல் போன்ற கைக்கருவிகளைக் கொண்டு 5 நிமிடம் தாக்குவார். அதனைத் தாங்கினால் சான்று கிடைக்கும். 2016 ஆம் ஆண்டில் இத்தரம் மூன்று நிலைகளாக விரிக்கப்பட்டது. இரண்டாம், மூன்றாம் நிலைகளில் இருவர் கூடுதல் வலிமையுள்ள கருவிகளுடன் 10 நிமிடம் தாக்குவர்.

நகைக்கடைகளும் வங்கிகளும் பயன்படுத்தும் பெட்டகங்கள் யூஎல் 687 ஆம் தரத்தின்கீழ் வருகின்றன. டிஎல்-15 எனில் மின்கருவிகள் உள்ளிட்டவற்றைக் கொண்ட தாக்குதலைக் கதவு 15 நிமிடம் தாங்க வேண்டும். டிஎல்-30 எனில் 30 நிமிடம். டிஆர்டிஎல்-30×6 என்பது வெட்டும் தீச்சுடருக்கும் ஆறு பக்கங்களும் 30 நிமிடம் தாங்குவதைக் குறிக்கும். கருவி பெட்டகத்தின் மீது செயல்படும் நேரம் மட்டுமே இங்கு கணக்கிடப்படும். இளைப்பாறும் நேரமும் கருவி மாற்றும் நேரமும் சேரா. ஆகவே 15 நிமிடம் என்பது நடைமுறையில் அதனினும் நீண்டது. சோதிப்பவர்கள் பெட்டகத்தின் வரைபடத்தைப் பார்த்துத் திட்டமிட்டபின் தாக்குபவர்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஐரோப்பாவில் ஈஎன் 1143-1 என்னும் தரம் வழக்கில் உள்ளது. இது நேரத்தை மட்டும் கொள்ளாமல், பயன்படுத்திய கருவியின் ஆற்றலையும் சேர்த்து எதிர்ப்புப் புள்ளிகளாகக் கணக்கிடுகிறது. இதன் படிநிலைகள் 0 இலிருந்து தொடங்குகின்றன. '0' எனக் குறித்திருப்பதால் அது தரமற்றது எனக் கருதுவது தவறு.

பூட்டுகள்

சுழல்வட்டு எண்பூட்டு மிகப் பழையது, மின்கலம் வேண்டாதது. 100 பிரிவுகள் கொண்ட வட்டில் மூன்று எண்களைத் தெரிவு செய்தால் 10 இலட்சம் சேர்க்கைகள் கிடைக்கும் என்பது கணக்கு. ஆனால் ஒவ்வோர் எண்ணுக்கும் இருபுறமும் சிறிது விலக்கத்தைப் பூட்டு ஏற்றுக்கொள்வதாலும், கடைசி எண்ணுக்குச் சில இடங்களைப் பயன்படுத்த இயலாது என்பதாலும் உண்மையான எண்ணிக்கை வெகுவாகக் குறையும். எனினும் வீடு புகுந்த திருடனிடம் அதற்கான பொறுமையும் நேரமும் இருப்பதில்லை.

மின்னணுப் பூட்டு விரைவில் திறக்கும் என்பதால் இன்று பரவலாகியுள்ளது. விலை மலிந்த சிறு பெட்டகங்களில் தாழ்க்கோலைத் தடுத்து நிற்பது ஒரு வரிச்சுருளின் சிறு ஊசி மட்டுமே. பெட்டகத்தின் மேல் ஓங்கித் தட்டிக்கொண்டே கைப்பிடியைத் திருப்பினால் அவ்வூசி ஒரு கணம் துள்ளி விலக, கதவு திறந்து கொள்வதுண்டு. சில வடிவமைப்புகளில் வலிய காந்தம் ஒன்றே போதும். கைரேகைப் பூட்டின் சிக்கல் வேறு. 2023 அக்டோபரில் ஃபோர்ட்ரெஸ் என்னும் வணிகப் பெயருடைய நிறுவனத்தின் ஏறத்தாழ 61,000 கைரேகைத் துப்பாக்கிப் பெட்டகங்கள் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டன. தொடக்க அமைப்பில் இருக்கும்போது அவை பதிவு செய்யாத கைரேகைக்கும் திறந்தன. 12 வயதுச் சிறுவன் ஒருவனின் மரணத்தைத் தொடர்ந்து வழக்கும் தொடரப்பட்டிருந்தது. உரிமையாளர் தம் விரலை வைக்கும்போதெல்லாம் பெட்டகம் ஒழுங்காகத் திறந்ததால் அது தம் கைரேகைக்கே திறக்கிறது என அவர் நம்புவது இயல்பே. பூட்டைச் சோதிப்பவர் தம் விரலை மட்டுமன்றிப் பிறர் விரலையும் வைத்துப் பார்ப்பது இதனால்தான் தேவையாகிறது.

மின்னணுப் பூட்டுகள் சிலவற்றில் தயாரிப்பாளருக்கு மட்டும் தெரிந்த மாற்றுக்குறி ஒன்றும் இருக்கலாம். 2023 ஆம் ஆண்டில் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த லிபர்ட்டி சேஃப் நிறுவனம், நீதிமன்றத் தேடுதல் ஆணையுடன் வந்த கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையினருக்கு வாடிக்கையாளர் ஒருவரின் பெட்டகத்திற்கான குறியைக் கொடுத்தது. வாடிக்கையாளர்களிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. விரும்புவோர் தம் குறியை நிறுவனத்தின் பதிவுகளிலிருந்து நீக்கிக்கொள்ள வழி செய்யப்பட்டது. சட்டப்படியான ஆணை ஒருபுறமிருக்க, எல்லா வாடிக்கையாளர்களின் திறவுகுறியும் ஒரே தரவுத்தளத்தில் இருப்பது தனியானதொரு தீவாய்ப்பு என்பது கணினித் துறையினருக்கு விளக்க வேண்டியதில்லை. 2025 ஆகஸ்டில் டெஃப்கான் மாநாட்டில் ஆய்வாளர் இருவர், பல நிறுவனங்களின் பெட்டகங்களில் பொருத்தப்படும் செக்யூராம் ப்ரோலாஜிக் வகைப் பூட்டுகளைத் திறக்கும் வழிகளைச் செய்து காட்டினர்.

பொருத்துதல்

தரையில் திருகி இணைக்கப்படாத பெட்டகம் ஒரு கனமான பயணப்பெட்டியே. 100 கிலோ எடையுள்ள பெட்டகத்தை இருவர் தள்ளுவண்டியில் எடுத்துச் சென்றுவிட இயலும்; பிறகு திறப்பதற்கு அவர்களுக்கு நாள் முழுதும் உண்டு. எடை மிகுந்த பெட்டகமும் பாதுகாப்பானதன்று. அதனைச் சாய்த்துத் தரையில் கிடத்தினால் கதவு மேல்நோக்கி அமையும். இருவர் தம் முழு உடல் எடையையும் நீண்ட கடப்பாரையின் மேல் செலுத்த முடியும். கற்காரைத் தரையில் நங்கூர ஆணிகளால் பிணைத்தால் இவ்விரண்டும் தடுக்கப்படும். மூலையில், கதவின் தாழ்ப்பக்கம் சுவரை ஒட்டுமாறு வைத்தால் நெம்புகோலை வீசவும் இடமிராது.

மாடி வீடுகளில் எடையைக் கணக்கிடுவது நன்று. இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 875 இன்படி குடியிருப்பு அறைகளின் தளம் சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், அதாவது ஏறத்தாழ 200 கிலோ சுமைக்கே வடிவமைக்கப்படுகிறது. அரைச் சதுர மீட்டர் பரப்பில் 400 கிலோ பெட்டகத்தை நிறுத்துபவர் அதனைத் தூண் அல்லது உத்தரத்தின் அருகில் வைப்பதோடு, கட்டடப் பொறியாளர் ஒருவரையும் கேட்பது நலம்.

தீயும் ஈரமும்

தீத்தடுப்புக்குப் பெரும்பாலும் ஜிப்சப் பலகை பயன்படுகிறது. ஜிப்சத்தின் எடையில் ஏறத்தாழ 21 விழுக்காடு வேதிப்பிணைப்பில் உள்ள நீர். வெப்பத்தில் அது ஆவியாகி உள்ளே வெப்பம் ஏறுவதைத் தாமதப்படுத்தும். காகிதத்திற்கான சோதனைகளில் உள்வெப்பம் 177 பாகை செல்சியசைத் தாண்டக் கூடாது. கணினி வன்வட்டும் நிழற்படச் சுருளும் அதற்கு வெகுமுன்னரே கெட்டுவிடும். மூடிய பெட்டகத்தில் ஈரம் தேங்கினால் துப்பாக்கி துருப்பிடிக்கும் என்பதால் சிலிக்கா களிமப் பொதிகளோ சிறு வெப்பத்தண்டோ உள்ளே வைக்கப்படுகின்றன.

சட்டங்கள்

இத்துறையில் மிக விரிவான சட்டம் உள்ள நாடுகளில் ஜெர்மனி ஒன்று. 2009 மார்ச் 11 அன்று வின்னெண்டன் நகரில் தொடங்கிய தாக்குதலில் 17 வயது இளைஞன் 15 பேரைச் சுட்டுக் கொன்றான். அவனது தந்தையிடம் 15 துப்பாக்கிகள் இருந்தன. அவற்றுள் 14 பெட்டகத்தில் பூட்டப்பட்டிருந்தன. படுக்கையறையில் பூட்டாமல் வைத்திருந்த ஒன்றே கொலைக்கருவியாயிற்று. கவனக்குறைவால் மரணம் விளைவித்தமைக்காகத் தந்தை தண்டிக்கப்பட்டார். தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே, ஐயப்பாடு எதுவும் இன்றியும் உரிமையாளரின் வீட்டில் துப்பாக்கி வைப்பு முறையை அதிகாரிகள் சோதிக்கலாம் எனச் சட்டம் திருத்தப்பட்டது. 2017 சூலை முதல் புதிதாக வாங்கும் பெட்டகம் ஈஎன் 1143-1 இன் 0 படிநிலையையாவது எட்ட வேண்டும். 200 கிலோவுக்குக் குறைந்த 0 படிநிலைப் பெட்டகத்தில் 5 கைத்துப்பாக்கிகள் வரையும், அதற்கு மேற்பட்ட எடையுள்ளதில் 10 வரையும் வைக்கலாம்.

திறவுகோலை எங்கே வைப்பது என்னும் எளிய கேள்வியும் அங்கு நீதிமன்றம் சென்றது. உரிமையாளர் ஒருவர் விடுமுறையில் சென்றிருந்தபோது திருடர்கள் வீடு புகுந்து, திறவுகோல் இருந்த சிறிய எஃகுப் பெட்டியை உடைத்து, அதைக் கொண்டு பெரிய பெட்டகத்தைத் திறந்து, இரு கைத்துப்பாக்கிகளை எடுத்துச் சென்றனர். 2023 ஆகஸ்டில் மியூன்ஸ்டர் உயர் நிர்வாக நீதிமன்றம், திறவுகோல் வைக்கும் இடமும் துப்பாக்கி வைக்கும் பெட்டகத்தின் பாதுகாப்புத் தரத்திற்கு ஈடாக இருக்க வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. எனினும் அவரது உரிமத்தை நீக்கும் அளவிற்குத் தவறு பெரிதன்று எனவும் கூறியது. இத்தீர்ப்பின்பின் திறவுகோல் இல்லாத எண்பூட்டே பலருக்கும் எளிய வழியாயிற்று.

பிரித்தானியாவில் துப்பாக்கியைப் பாதுகாப்பாக வைத்திருத்தல் உரிமத்தின் நிபந்தனை. பெட்டகங்களுக்கு பிஎஸ் 7558 என்னும் தரம் உண்டு. சப்பானில் துப்பாக்கியும் தோட்டாக்களும் வெவ்வேறு பூட்டிய பெட்டிகளில் இருக்க வேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவில் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கூட்டாட்சிச் சட்டப்படி உரிமம் பெற்ற வணிகர் கைத்துப்பாக்கி விற்கும்போது பூட்டுக் கருவி ஒன்றையும் சேர்த்தே தர வேண்டும். ஆனால் அதனைப் பயன்படுத்த வாங்கியவரைக் கட்டாயப்படுத்துவதில்லை. வீட்டிலுள்ள துப்பாக்கியை எப்போதும் பிரித்தோ விசைப்பூட்டு இட்டோ வைக்க வேண்டும் என்ற வாசிங்டன் நகரச் சட்டத்தை, தற்காப்புக்கு இடையூறானது என 2008 ஆம் ஆண்டின் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. மிச்சிகன் மாநிலத்தின் ஆக்ஸ்ஃபோர்ட் உயர்நிலைப் பள்ளியில் 2021 நவம்பரில் 15 வயது மாணவன் நால்வரைச் சுட்டுக் கொன்றதை அடுத்து, அவனது பெற்றோர் இருவரும் 2024 இல் தனித்தனி வழக்குகளில் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, 10 முதல் 15 ஆண்டுகள் சிறைத்தண்டனை பெற்றனர். சிறுவர் அணுகக்கூடிய வீடுகளில் துப்பாக்கியைப் பூட்டி வைப்பதைக் கட்டாயமாக்கும் மிச்சிகன் சட்டம் 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது.

இந்தியாவில்

இந்தியாவில் 1959 ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருக்க இயலாது. 2019 ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமத்திற்கு விண்ணப்பிப்பவர் பாதுகாப்பாக வைத்துக்கொள்வதற்கான உறுதிமொழியும் அளிக்க வேண்டும். தேர்தல் காலத்தில் உரிமதாரர்கள் தம் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைப்பது தமிழ்நாட்டிலும் வழக்கம்.

தமிழக வீடுகளில் நகையும் பத்திரமும் இருப்பது பெரும்பாலும் எஃகுப் பீரோவில். அதன் தகடு பொதுவாக ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானது. உள்ளறையின் பூட்டும் நெம்புகோலுக்கு நீண்ட நேரம் தாங்குவதில்லை. அது துணி வைக்கும் அலமாரியே அன்றிப் பெட்டகம் அன்று. பீரோவின் சாவி அதன் மேலேயோ தலையணையின் கீழேயோ இருக்கும் வீடுகளில் மியூன்ஸ்டர் தீர்ப்பு கூறிய குறை அப்படியே உள்ளது.