பழமைக்கு மதிப்பெண்: இடைக்கால மீளாக்கப் போட்டிகளில் நடுவர் நெறிகள் வளர்ந்த விதம்

1839 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் எயர்ஷயர் பகுதியில் எக்லிண்டன் பிரபு ஓர் இடைக்கால வீரப் போட்டியை மீண்டும் நடத்திக் காட்டினார். கொட்டிய மழையில் அந்த விழா குலைந்துபோனதைத்தான் வரலாறு பெரிதாக நினைவில் வைத்திருக்கிறது. கைவினையின் வரலாற்றைத் தேடுபவருக்கு வேறொரு செய்தி முக்கியம். கலந்துகொண்ட பிரபுக்களுக்குக் கவசம் தேடித் தந்தவர் சாமுவேல் பிராட் என்னும் லண்டன் பழம்பொருள் வணிகர். போலிக் கவசங்களையும் விற்றவர் என்று பிற்கால ஆய்வாளர்கள் அவரை அடையாளம் கண்டார்கள். எந்தக் கவசம் எந்த நூற்றாண்டு முறையில் அடிக்கப்பட்டது என்று கேட்டு மதிப்பிட அந்த விழாவில் நடுவர் எவரும் இல்லை. பார்வைக்குப் பழமையாக இருந்தால் போதும்.

இன்று இத்தகைய கூடல்களில் தையலுக்குப் பருத்தி நூலா, லினன் நூலா என்பதுகூட மதிப்பெண்ணைக் கூட்டும், குறைக்கும். இந்த மாற்றத்தை அறிய மிகப் பொருத்தமான களம், அமெரிக்காவில் தோன்றிய ‘சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம்’ என்னும் அமைப்பு. சுருக்கமாக எஸ்.சி.ஏ. 1966 மே 1 அன்று கலிஃபோர்னியாவின் பெர்க்லியில், எழுத்தாளர் டயானா பாக்ஸனின் வீட்டுக் கொல்லையில் நடந்த ஒரு விருந்தில் அது பிறந்தது. 17ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்ட உலகை ஆராய்ந்து, செய்து பார்ப்பதே அதன் நோக்கம். ‘ராஜ்ஜியங்கள்’ என்று தாங்களே பெயரிட்டுக்கொண்ட வட்டாரங்களாக அமெரிக்கா, கனடா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா வரை அது பரவியிருக்கிறது.

தொடக்க ஆண்டுகளில் எதிர்பார்ப்பு எளியது. நிகழ்வுக்கு வருபவர் அந்தக் காலத்து உடையை அணிய முயன்றிருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த விதி இன்றும் உயிரோடு இருக்கிறது. திரைச்சீலைத் துணியில் தைத்த அங்கிக்கும் தரைவிரிப்பை வெட்டிச் செய்த மார்புக் கவசத்துக்கும் அன்று இடமிருந்தது. இதை இளக்காரமாகப் பார்ப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்தத் தாராளம் இல்லாமல் இத்தனை பேர் ஊசியையும் சுத்தியலையும் கையில் எடுத்திருக்க மாட்டார்கள். கலைகளில் சிறந்தவர்களுக்கான ‘ஆர்டர் ஆஃப் த லாரல்’ என்ற உயர் சிறப்பு 1968இலேயே தோன்றியதும் கவனிக்கத்தக்கது. திறமையை அடையாளம் காணும் விருப்பம் முதலில் வந்துவிட்டது. அதை எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்வி பின்னால்தான் வந்தது.

நெறிகள் இறுகியதற்கு நடுவர்களின் கண்டிப்பைக் காரணமாகச் சொல்வது வழக்கம். என் முடிவு வேறு: சான்றுகள் பொது வாசகரின் கைக்கு எட்டிய வேகமே மதிப்பெண் தாளை மாற்றி எழுதியது. ஆடைக் கலையில் இதைத் தெளிவாகக் காணலாம். 1985இல் ஜேனட் ஆர்னால்ட் ‘பேட்டர்ன்ஸ் ஆஃப் ஃபேஷன்’ வரிசையில் 1560 முதல் 1620 வரையிலான உடைகள் பற்றிய நூலை வெளியிட்டார். எஞ்சியிருக்கும் உடைகளை நேரில் ஆராய்ந்து, வெட்டும் முறையை அளவோடு வரைந்து காட்டிய நூல் அது. அதுவரை ஓவியங்களைப் பார்த்து உத்தேசமாகத் தைத்தவர்களுக்கு உள்தையலும் உள்துணியும் கண்முன் வந்தன. 1992இல் லண்டன் அருங்காட்சியகத்தின் அகழாய்வு வரிசையில் 1150 முதல் 1450 வரையிலான துணிகளையும் உடைகளையும் பற்றிய தொகுதி வந்தது. தேம்ஸ் கரையின் ஈரமண் காப்பாற்றி வைத்திருந்த கிழிசல்களில் துணிப் பொத்தான்களும் பொத்தான் துளைகளின் ஓரத் தையலும் தெரிந்தன. இப்படியொரு நூல் அலமாரியில் வந்தபிறகு, நடுவர் கேட்காவிட்டாலும் செய்தவரே தன்னைக் கேட்டுக்கொள்வார்.

இவ்வாறு, செய்த பொருளுக்கு ஆதாரம் காட்டி எழுதும் சான்றுக் குறிப்பு என்பது போட்டிப் பொருளின் உடன்பிறப்பாயிற்று. மதிப்பெண் தாள்கள் ராஜ்ஜியத்துக்கு ராஜ்ஜியம் வேறுபடும். ஆயினும் சான்று, காலப் பொருத்தம், கடினம், கைத்திறன், படைப்பாற்றல் ஆகிய தலைப்புகளே பெரும்பாலும் ஏதோ ஒரு வடிவில் திரும்பத் திரும்ப வருகின்றன. இவற்றில் மிகத் தொல்லை தருவது கடினம். சாதாரண ஆள் அணிந்த கம்பளித் தலைமூடியை அந்தக் காலத்துத் தையலில் குறையில்லாமல் செய்து வைத்தாலும், பக்கத்து மேசையின் பொன்னிழைப் பூவேலைக்கு அந்தத் தலைப்பில் கூடுதலாகக் கிடைக்கும். விளைவு, உழவரும் நெசவாளரும் வாழ்ந்த இடைக்காலம் போட்டி மேசைகளில் குறைந்து, அரண்மனை மட்டும் பெருகும். வரலாற்றுக்கு இது அநீதி.

அடுத்தது, சான்று போதாத இடம். சுவீடனின் பிர்காவில் 19ஆம் நூற்றாண்டில் யால்மர் ஸ்டோல்பே ஆயிரத்துக்கும் மேற்பட்ட வைகிங் காலக் கல்லறைகளை அகழ்ந்தார். பெண்களின் தோளருகே கிடந்த முட்டை வடிவ வெண்கல ஊக்குகளில் துணித் துணுக்குகள் ஒட்டியிருந்தன. உலோகம் அரித்ததால்தான் அவை மட்கவில்லை. ஊக்கு தொடாத மீதி உடை மண்ணாகிவிட்டது. 1938இல் ஆக்னஸ் கெய்யர் அந்தத் துணிகளை ஆராய்ந்து, உடலைச் சுற்றிக் கட்டி, ஊக்குகளில் மாட்டிய உடையாக மீட்டுருவாக்கினார். பின்னர் இங்கா ஹேக் அதே துணுக்குகளை மறுபடி ஆராய்ந்தார். ஃபிளெம்மிங் பாவ் முன்புறம் திறந்த வடிவத்தை முன்வைத்தார். வைகிங் கால வணிக ஊரான ஹேதெபியின் துறைமுகத்தில் கிடைத்த ஒரு துண்டோ, உடலோடு ஒட்டும்படி வெட்டித் தைத்த உடையைச் சுட்டுகிறது. இப்போது ஒருவர் வைகிங் பெண்ணுடை ஒன்றைப் போட்டிக்குக் கொண்டுவந்தால், அது சரியா தவறா என்று நடுவர் எதை வைத்துச் சொல்வார்? எந்தத் துணுக்கிலிருந்து புறப்பட்டார், எங்கே சான்று முடிந்தது, அதற்கப்பால் ஏன் இப்படி ஊகித்தார் என்று கேட்கலாம். தான் ஒப்புக்கொண்ட ஆய்வாளரின் வடிவம் இல்லையே என்பதற்காக மதிப்பெண்ணைக் குறைக்கும் நடுவர், நிறுவப்படாத ஒன்றை உண்மையென்று பிறர்மேல் சுமத்துகிறார். இந்த ஒரு வகை உடை, நல்ல நடுவருக்கு வேண்டிய பயிற்சியில் பெரும்பகுதியைத் தந்துவிடும் என்று நம்புகிறேன்.

நச்சுப் பொருள்கள் இன்னொரு வகைச் சோதனை. 12ஆம் நூற்றாண்டின் தியோஃபிலஸும் 1400 வாக்கில் செனினோ செனினியும் எழுதிய செய்முறை நூல்கள் ஆங்கிலத்தில் மலிவுப் பதிப்புகளாகவே கிடைக்கின்றன. அவற்றில் ஈய வெள்ளை உண்டு, பாதரசம் கலந்த சாதிலிங்கம் உண்டு, ஆர்சனிக் சேர்ந்த அரிதாரம் உண்டு. பொன்னைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி, தீயில் காட்டிப் பாதரசத்தை ஆவியாக்கும் முலாம் முறையும் உண்டு. காலத்தோடு பொருந்த வேண்டும் என்பதற்காக யாரும் தன் நுரையீரலைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. ஈய வெள்ளைக்குப் பதில் டைட்டேனியம் வெள்ளையைக் குழைத்த ஓவியர், அதன் மறைக்கும் தன்மையும் உலரும் வேகமும் எப்படி மாறுபட்டன என்று எழுதிவைத்தால், அந்தக் குறிப்பில் அறிவு இருக்கிறது. மாற்றுப்பொருள் என்றதுமே மதிப்பெண்ணை வெட்டும் தாள் அந்த அறிவைத் தண்டிக்கிறது.

சான்றுக் குறிப்பு பெருத்ததன் விளைவையும் சொல்லியாக வேண்டும். எழுத்துப் பழக்கம் உள்ளவர் முப்பது பக்கம் கொண்டுவருகிறார். நல்ல கொல்லருக்கு ஒரு பக்கம் எழுதுவதே பாடு. பக்க வரம்பு, முதல் பக்கச் சுருக்கம், ஆய்வுக் கட்டுரைக்குத் தனிப் பிரிவு, செய்தவரோடு நேரில் பேசி மதிப்பிடுதல் என்பவையெல்லாம் இந்தச் சிக்கலுக்குத் தேடிய விடைகள். ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் எது தகுதி என்று முன்கூட்டியே விரித்தெழுதும் வழக்கமும் பரவியிருக்கிறது. நடுவருக்கு நடுவர் தீர்ப்பு மாறுவதை அது ஓரளவு குறைக்கும். நேர்ப்பேச்சைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். உளியை ஏன் அந்தக் கோணத்தில் பிடித்தீர்கள் என்று கேட்டால், தாளில் எழுதத் தெரியாதவரும் கையால் காட்டிவிடுவார். மதிப்பெண்ணே இல்லாத காட்சி மேசைகளும் பல நிகழ்வுகளில் இடம்பெறுகின்றன. அங்கே கருத்துரை மட்டும் எழுதித் தருவார்கள்; புதியவர்கள் பலருக்கு அதுவே நல்ல வாசல்.

சமையலில் மட்டும், எதைக் கொண்டு அளப்பது என்ற பழைய கேள்வி தீராமல் நிற்கிறது. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் சமையற்காரர்கள் 1390 வாக்கில் தொகுத்த ‘ஃபார்ம் ஆஃப் கியூரி’யில் அளவுகள் அரிது. இறைச்சியோடு சர்க்கரையும் லவங்கப்பட்டையும் சேர்க்கச் சொல்லும் குறிப்புகள் உண்டு, எவ்வளவு என்பது சமைப்பவர் கையில். ஒரே குறிப்பிலிருந்து இருவர் இரண்டு பதார்த்தம் செய்யலாம், இரண்டுக்கும் நியாயம் சொல்லலாம். நடுவரின் நாக்கோ இந்த நூற்றாண்டில் வளர்ந்தது. இனிப்பான இறைச்சியை அது விரும்பாமல் போகலாம். ஆகவே சுவைக்குரிய மதிப்பெண்ணைக் காலப் பொருத்தத்தோடு கலக்காமல், வெந்த பதம், கெட்டி, பொருள்களின் தரம் என்று கைத்திறனின் கீழ் கொண்டுவருவதே முறை என்பது என் கருத்து. அளவை எப்படித் தீர்மானித்தார், எத்தனை முறை மாற்றிப் பார்த்தார், அதே காலத்துப் பிற குறிப்புகளோடு ஒப்பிட்டாரா என்பதைச் சான்றுப் பிரிவில் தனியே கேட்க வேண்டும்.