சைக்கிள் தாங்கி (கார்)

கார்ச் சைக்கிள் தாங்கி என்பது துவிச்சக்கரவண்டிகளை ஏற்றிச்செல்வதற்காகக் காரில் பொருத்தப்படும் உலோகச் சட்டகம். கூரைத் தாங்கி, பின்கதவில் பட்டியால் இறுக்கும் தாங்கி, இழுவைக் கொளுக்கியில் மாட்டும் தாங்கி எனப் பொதுவாக மூவகைப்படும்.

இலங்கையில் 2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது சைக்கிள் பாவனை பெருகியது. அவற்றைக் காரில் ஏற்றிச்செல்ல, கொழும்பின் கொச்சிக்கடை, ஜம்பட்டா வீதி போன்ற நெரிசலான இடங்களில் தாங்கியைத் தெரிவுசெய்யும்போது முதலில் பார்க்கவேண்டியது அகலம். பெரியவர்களுக்கான சைக்கிளின் நீளம் சுமார் 1.7 மீற்றர், சுசுக்கி வெகன்ஆர் போன்ற ஜப்பானியச் சிறுகார்களின் அகலமோ 1.48 மீற்றருக்குள் அடங்கும். ஆகவே பின்புறம் குறுக்காகக் கட்டினால் சில்லுகள் இருபுறமும் வெளியே நீண்டு, ஒட்டி வரும் முச்சக்கரவண்டிகளிலும் மோட்டார் சைக்கிள்களிலும் உரசும். இலக்கத்தகடும் பின்விளக்குகளும் மறைவது இன்னொரு ஆபத்து. இழுவைக் கொளுக்கி சிறுகார்களில் பெரும்பாலும் இருப்பதில்லை.

நெடுக்காக ஏற்றும் கூரைத் தாங்கியே இத்தெருக்களுக்கு ஏற்றது. ஆனால் மொத்த உயரம் இரண்டரை மீற்றரைத் தாண்டுவதால் தாழ்ந்த கூரையுள்ள தரிப்பிடங்களுக்குள் நுழையக்கூடாது. கூரை தாங்கும் எடை கார்க் கையேட்டில் தரப்பட்டிருக்கும். தாங்கியின் எடையும் அதில் அடங்கும். லுமாலா போன்ற உருக்குச் சைக்கிள்கள் பாரமானவை என்பதால் இக்கணக்கைத் தவறவிடக்கூடாது. மேற்குழாய் தாழ்ந்த பெண்கள் சைக்கிளைத் தொங்கவிடும் தாங்கியில் ஏற்ற, இருக்கைத் தண்டையும் ஹேண்டில் தண்டையும் இணைக்கும் தனிக்கம்பி தேவை. கொழும்புத் துறைமுகத்தை அண்டிய இப்பகுதிகளின் உப்புக்காற்றில் சாதாரண இரும்புத் திருகாணிகள் விரைவில் துருப்பிடிக்கும்; துருப்பிடிக்காத உருக்குத் திருகாணிகளே பாதுகாப்பானவை.