கொலைக்கு விதி பொறுப்பா?

நள்ளிரவு. விருந்துண்டு களைத்த மன்னன் உறங்குகிறான். காவலர் மதுவின் மயக்கத்தில் கிடக்கின்றனர். விருந்தளித்தவன் மட்டும் உறங்கவில்லை. கையிலே கட்டாரி ஏந்தி நடக்கிறான். கொலை முடிகிறது. கொன்றவன் தலையில் மகுடம் ஏறுகிறது. ஆனால் அன்றோடு அவனை விட்டு உறக்கம் ஓடிவிடுகிறது!

ஷேக்ஸ்பியர் தீட்டிய 'மாக்பெத்' நாடகத்தின் கரு இது. போரில் வென்று திரும்பும் தளபதி மாக்பெத்தை மூன்று சூனியக்காரிகள் சந்திக்கின்றனர். நீ அரசனாவாய் என்கின்றனர். பிறகு கொலை, அதன் பின் மேலும் கொலைகள், இறுதியில் வீழ்ச்சி. இதைக் கண்டு, "சூனியம் தூண்டிற்று, விதி இழுத்தது, பாவம், அவன் என்ன செய்வான்!" என்று இரங்குவோர் உண்டு. அந்தத் தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை. வரலாற்று ஏட்டையும் நாடக ஏட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், உண்மை வேறு என்பது விளங்கும்.

முதலில் வரலாறு. ஸ்காட்லாந்தில் மாக்பெத் என்றொரு மன்னன் இருந்தது உண்மை. டங்கன் மன்னன் அவனால் மாண்டதும் உண்மை. ஆனால் நாடகத்து டங்கன் நரைத்த தலையன். உண்மை டங்கன் முதியவனல்லன். நாடகத்தில் கொலை நடப்பது படுக்கையறையில். 1040ஆம் ஆண்டு டங்கன் மடிந்தது, மாக்பெத்தின் மண்ணாகிய மோரே மீது படையெடுத்துச் சென்றபோது. தந்தைக்குப் பின் மகனே அரசன் என்ற முறை அன்று அந்நாட்டில் வேரூன்றவில்லை. அரச குலத்தாருள் வலிமையுள்ளவன் அரியணை ஏறுவது வழக்கமாக இருந்தது. மாக்பெத் 17 ஆண்டுகள் ஆண்டான். 1050இல் ரோம் நகருக்குச் சென்று ஏழைகளுக்குப் பணத்தை வாரியிறைத்தான் என்று அக்காலக் குறிப்பு ஒன்று கூறுகிறது. உள்நாட்டிலே ஆபத்து சூழ்ந்திருந்தால் அத்தனை தொலைவு செல்லத் துணிவானா? 1057இல் லம்ஃபனன் என்னுமிடத்தில் டங்கனின் மகன் மால்கம் அவனைக் கொன்றான்.

அப்படியிருக்க, அந்த அரசன் கொடுங்கோலனாகவும் சூனியத்தின் கைப்பாவையாகவும் ஆனது எப்படி? வென்றவனின் வழிவந்தோர் ஆண்டனர். அவர்கள் ஆட்சியில் ஏடுகள் எழுந்தன. தோற்றவன் முகத்தில் கரி பூசப்பட்டது. 1527இல் ஹெக்டர் போயிஸ் என்பார் எழுதிய வரலாற்றிலே பாங்கோ என்றொரு பிரபு தோன்றுகிறான். பழைய ஆவணம் எதிலும் இல்லாத பிரபு! ஸ்டூவர்ட் அரச மரபுக்கு அவனே மூதாதை என்று பெருமை பேசப்பட்டது. ஹாலின்ஷெட்டின் வரலாற்றுத் தொகுப்பு அந்தக் கதையைத் தாங்கி வந்தது. அதிலிருந்து நாடகம் பிறந்தது. அந்தத் தொகுப்பில் பாங்கோ, டங்கன் கொலையில் மாக்பெத்துக்கு உடந்தை. நாடகத்திலோ மாசற்றவன்! இந்த மாற்றம் ஏன்?

நாடகம் எழுந்த காலம் 1606ஐ ஒட்டியது. அப்போது இங்கிலாந்தின் அரியணையில் இருந்தவன் முதலாம் ஜேம்ஸ், ஸ்டூவர்ட் மரபினன். ஷேக்ஸ்பியரின் குழுவோ, மன்னனின் பெயரையே தாங்கிய நாடகக் குழு. புரவலனின் பாட்டனைக் கொலைகாரன் என்று மேடையிலே காட்ட முடியுமா? அரசனைக் கொல்வது பெரும் பாவம் என்ற பேச்சும் அன்று அரசவைக்கு இனித்தது. 1605 நவம்பரில் தான், நாடாளுமன்றத்தையும் மன்னனையும் வெடிமருந்தால் தகர்க்கும் சதி வெளிப்பட்டிருந்தது.

அந்த ஜேம்ஸுக்குச் சூனியத்தில் நம்பிக்கை இருந்தது. ஸ்காட்லாந்தை ஆண்டபோது, டென்மார்க்கிலிருந்து மணமகளை அழைத்து வரும் வழியில் கடல் கொந்தளித்தது. காற்றுக்குக் காரணம் தேடினார்களா? இல்லை, சூனியக்காரிகளைத் தேடினார்கள்! 1590, 1591 ஆண்டுகளில் நார்த் பெர்விக் வழக்கு நடந்தது. ஆக்னஸ் சாம்ப்சன் என்ற பெண், பேறுகாலம் பார்த்தும் நோய்க்கு மருந்து சொல்லியும் வாழ்ந்தவள். மன்னனே அவளை விசாரித்தான். சித்திரவதைக்குப் பின் 'ஒப்புதல்' வந்தது. கழுத்தை நெரித்துக் கொன்று உடலை எரித்தனர். 1597இல் அம்மன்னன் பேய்களையும் சூனியத்தையும் பற்றித் தானே ஒரு நூலும் வெளியிட்டான். 1563 முதல் 1736 வரை நடப்பிலிருந்த ஸ்காட்லாந்தின் சூனியச் சட்டத்துக்குப் பலியானோர் ஏறத்தாழ 2,500 பேர் என மதிப்பிடுகின்றனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

புயல் எழுந்தால் சூனியக்காரி! மாடு செத்தால் சூனியக்காரி! இவ்வாறு பழியைப் பிறர் தலையில் கட்டும் காலத்தில், அதை நம்பிய மன்னனின் நாட்டில், இந்த நாடகம் மேடையேறியது. சூனியக்காரிகளை ஷேக்ஸ்பியர் மேடைக்குக் கொண்டுவந்தார், உண்மைதான். ஆனால் கொலைக்குற்றத்தை அவர்கள் மேல் சுமத்தினாரா? அதைத்தான் நாம் கூர்ந்து காணவேண்டும்.

சூனியக்காரிகளின் சொல்லை இருவர் கேட்கின்றனர். மாக்பெத்துக்கு மகுடம் என்றவர்கள், பாங்கோவின் வழியினர் அரசாள்வர் என்றும் கூறினர். பாங்கோ கட்டாரி தூக்கவில்லை, மாக்பெத் தூக்கினான். கேட்ட சொல் ஒரே இடத்தில் பிறந்தது. விளைந்த செயல் வெவ்வேறு. அப்படியானால் வேற்றுமை சொல்லிலா, கேட்டவன் நெஞ்சிலா? கொல் என்று அந்த மூவரும் ஒருபோதும் சொல்லவில்லை. கொலையை எண்ணியவன் அவன், தயங்கியவனும் அவன், வேண்டாம் என்று முடிவு செய்தவனும் அவன். மனைவி அவன் ஆண்மையை இகழ்ந்ததும் மீண்டும் துணிந்தவனும் அவனே. தயங்கத் தெரிந்தவனுக்குத் தவிர்க்கவும் முடியும் அன்றோ!

காற்றில் மிதக்கும் கட்டாரியைக் காணும்போதும், கொதிக்கும் மூளை காட்டும் பொய்த்தோற்றமோ என்று அவனே ஐயுறுகிறான். காடு நடந்து வந்தாலன்றித் தோல்வியில்லை என்ற வாக்கை நம்பி இறுமாந்திருந்தான். வந்தது காடல்ல, கிளைகளை ஒடித்து ஏந்தி மறைந்து வந்த படை! பெண் ஈன்ற எவனாலும் அழிவில்லை என்று எண்ணியிருந்தான். எதிரே நின்ற மக்டஃபோ, தாயின் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்டவன்! மாயம் என்று மருண்டவை மனிதர் செயலாகவே முடிந்தன.

தண்டனையும் வானிலிருந்து இறங்கவில்லை, நெஞ்சிலே முளைத்தது. விருந்து மண்டபத்தில் பாங்கோவின் உருவம் தோன்றுகிறது. அத்தனை விருந்தினரில் மாக்பெத் ஒருவனே அதைக் காண்கிறான். கொலை செய்த இரவில், கொஞ்சம் நீர் இருந்தால் கறை போய்விடும் என்று எளிதாகச் சொன்ன சீமாட்டி, பின்னர் உறக்கத்தில் எழுந்து நடக்கிறாள். இல்லாத கறையை ஓயாது கழுவுகிறாள். மருத்துவன் கைவிரிக்கிறான். உறங்கிய மன்னனின் முகத்திலே தன் தந்தையின் சாயலைக் கண்டு கொல்லாமல் திரும்பியவள் அவள். அன்று அடக்கிய இரக்கம்தான் இன்று அவளை அலைக்கிறது. அவனோ எதிர்த்திசையில் செல்கிறான். முதற்கொலைக்கு நடுங்கியவன், மக்டஃபின் மனைவியையும் குழந்தைகளையும் வெட்டச் சொல்லும்போது நடுங்கவில்லை. மனைவி இறந்த செய்திக்கும் அழக் கண்ணீரில்லை. நடுக்கம் நின்ற அந்த இடமே அவன் வீழ்ந்த இடம். போர்க்களத்துச் சாவு அதற்குப் பின்னே வந்தது.

2022 மார்ச் 8ஆம் நாள், ஸ்காட்லாந்தின் முதலமைச்சர், சூனியப் பழி சுமந்து மாண்டோருக்காக நாடாளுமன்றத்தில் முறையாக மன்னிப்புக் கோரினார். நானூறு ஆண்டுகள் தாமதித்து வந்த நீதி! எரிந்த உடல்களை அது மீட்காது. எரித்த கைகள் எவருடையவை என்பதையேனும் ஒப்புக்கொள்கிறது.

விதியைக் கூண்டிலேற்றினால் குற்றவாளி தப்பிவிடுவான். சூனியத்தைக் கூண்டிலேற்றினால் குற்றமற்றவள் எரிவாள். கட்டாரி எவன் கையில் இருந்தது என்று கேட்போம். அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிய சமுதாயத்தில் மாக்பெத்துகள் மறைய இடமிராது, ஆக்னஸ் சாம்ப்சன்கள் எரியவும் மாட்டார்கள்.