மேசையா, ஏணியா?

போன புரட்டாசியில் ஒரு மாலை நேரம். எதிர்வீட்டுப் பெண் ஒரு மடிக்கணினியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து என் திண்ணையில் வைத்தாள். அவளுடைய அண்ணன் பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்தது.

"தாத்தா, இது ஆன் ஆகவே அஞ்சு நிமிஷம் ஆகுது. தோட்டை வச்சுப் புதுசு வாங்கிரலாம்னு அம்மா சொல்லுது. ஆயிரம் ரூபாய்க்கு ரேம் போட்டா பறக்கும்னு கடைக்காரரு சொல்றாரு. எதைச் செய்ய?" என்றாள்.

அருப்புக்கோட்டையில் ஒரு கடையின் வரவு செலவை வீட்டிலிருந்தே டேலியில் எழுதிக் கொடுக்கும் வேலை அவளுக்கு அமைந்திருந்தது. சொந்தக் கணினி வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. எங்கள் குமாரலிங்கபுரமோ மானாவாரிப் பூமி. இங்கே அடகுக்குப் போன தோடு மழை பெய்தால்தான் வீடு திரும்பும். ஆகவே அவசரப்பட்டு எதையும் சொல்ல எனக்கு மனமில்லை.

இந்த மடிக்கணினிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று, முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்த திட்டம் இது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளி கல்லூரி மாணவர்களுக்கு 50 லட்சத்துக்கும் மேல் வழங்கப்பட்டன. அவற்றில் எத்தனையோ இன்று பரணில் தூங்குகின்றன. எல்லாம் கெட்டுப்போனவை அல்ல; பல, வேகம் போதாமல் ஒதுக்கப்பட்டவை.

வேகம் ஏன் போதவில்லை? நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். பிரெஞ்சில் ரேமுக்கு 'மெமுவார் வீவ்' என்று பெயர். உயிருள்ள நினைவு என்று பொருள். மின்சாரம் இருக்கும் வரைதான் அதற்கு உயிர். ஹார்டு டிஸ்க் 'திஸ்க் தூர்', கெட்டித் தட்டு. மின்சாரம் போனாலும் எழுதியது அதில் அழியாது.

இதை என் உத்தியோகத்தை வைத்தே அவளுக்கு விளக்கினேன். பதிவறையில் கூரை வரை கட்டுகள் அடுக்கியிருக்கும். உதவியாளர் ஒருவர், ஏணி ஒன்று. எழுத்தரின் மேசையில் நாலு கோப்புகளுக்குத்தான் இடம். ஐந்தாவது வேண்டுமென்றால் ஒன்றை மேலே அனுப்பிவிட்டு இன்னொன்றை இறக்க வேண்டும். எழுத்தர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஏணி ஏறி இறங்கும் நேரம் குறையாது. எழுத்தர்தான் பிராசஸர், மேசைதான் ரேம், ஏணி வைத்த பதிவறைதான் ஹார்டு டிஸ்க்.

மேசை போதாதபோது பதிவறையையே மேசையின் நீட்சியாக வைத்துக்கொள்ளும் வழக்கம் புதிதல்ல. இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1962-இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியிலேயே அந்த ஏற்பாடு இருந்தது. இன்றைய விண்டோஸும் ரேம் நிறைந்தால் ஹார்டு டிஸ்க்கின் ஒரு பகுதியைத்தான் கடன் வாங்குகிறது.

அந்த ஹார்டு டிஸ்க் பிறந்தது 1956-இல், ஐபிஎம் நிறுவனத்தின் ராமாக் கணினியோடு. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள், ஒரு டன்னுக்கு மேல் எடை. கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள்தான். ஒரு தகவலைத் தேடி எடுக்கச் சராசரியாக 0.6 நொடி ஆனது. என் திண்ணைக்கு வந்த மடிக்கணினியில் இருந்ததோ 320 ஜிபி, அதாவது 32,000 கோடி எழுத்துகள். கொள்ளளவு 64,000 மடங்கு பெருகிவிட்டது. ஆனால் இத்தகைய தட்டில் தேடும் நேரம் ஏறக்குறைய 0.015 நொடி, முன்னேற்றம் 40 மடங்குதான். காரணம், உள்ளே இன்றும் தட்டு சுழல்கிறது, ஒரு கை நகர்கிறது. பதிவறை ஊர் அளவுக்கு வளர்ந்தும் ஏணி மட்டும் அதே ஏணி.

ஏணியே வேண்டாம் என்ற வழி ஜப்பானில் பிறந்தது. தோஷிபா நிறுவனத்தின் புஜியோ மசுவோகா 1984-இல் பிளாஷ் நினைவகத்தை உலகுக்கு அறிவித்தார். அதைக் கொண்டு செய்வதுதான் இன்றைய எஸ்எஸ்டி. சுழல்வது, நகர்வது எதுவும் அதில் இல்லை. தேடும் நேரம் ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான்.

வரலாறு சரி, இந்தக் கணினிக்கு எது குறை? மருந்துக்கு முன் நாடி பார்க்க வேண்டும் அல்லவா. கணினியைப் போட்டுப் பத்து நிமிடம் எதையும் திறக்காமல் விட்டோம். பிறகு டாஸ்க் மேனேஜரைத் திறந்தோம். மெமரி 65 சதவீதம், டிஸ்க் 100 சதவீதம். மேசையில் இடம் இருந்தும் ஏணியில் ஓய்வில்லை. அடுத்து டேலியையும் இணையத்தையும் திறந்தோம். மெமரி 95-க்கு ஏறியது, டிஸ்க் 100-லேயே நின்றது. பிராசஸர் பாதிக்கு மேல் சும்மாதான் இருந்தது.

அவளுடைய அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "மடை அடைச்சுக் கிடந்தா கண்மாய் நிறைஞ்சு என்ன பிரயோசனம், ஐயா?" என்றார். நான் அரை மணி நேரம் சொன்னதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

முதலில் எஸ்எஸ்டி, மிச்சப் பணத்தில் ரேம் என்று முடிவு செய்தோம். கடையில் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தபோது ரேமுக்கு இரண்டாவது இடம் காலியாக இருந்தது. இருந்த 2 ஜிபியோடு அதே டிடிஆர்3 வகையில், பழைய 4 ஜிபி ஒன்றைப் போட்டார்கள். வகை மாறினால் பொருந்தாது. எல்லாம் சேர்த்து 2,400 ரூபாய். அண்ணனின் பழைய படங்களை முதலிலேயே ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டோம்.

ஐந்து நிமிடம் எடுத்த கணினி இப்போது முக்கால் நிமிடத்தில் எழுந்துகொள்கிறது. டேலி தடையின்றி ஓடுகிறது. ஆனால் புதுக் கணினி ஆகிவிடவில்லை. வீடியோ அழைப்பு இன்னும் திக்குகிறது. பேட்டரி பத்து நிமிடம்கூடத் தாங்காது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட்டின் வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. அதனால் வங்கி வேலையை அதில் வைத்துக்கொள்ளாதே என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு மூன்று ஆண்டு ஓடினால் போதும். அதற்குள் அவள் சம்பாத்தியத்திலேயே புதிது வாங்கிவிடுவாள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி ஒன்று இருந்தால் இறக்கிப் பாருங்கள். கடைக்குப் போகும் முன் அந்தப் பத்து நிமிடச் சோதனையைச் செய்துவிடுங்கள். குறை எங்கே என்று தெரியாமல் போடும் ஆயிரம் ரூபாயும் வீண்தான்.

சென்ற வாரம் அவளுடைய அம்மா கோயிலுக்குப் போகிற வழியில் நின்று பேசிவிட்டுப் போனார். தோடு காதில்தான் இருந்தது.