கிணற்றில் கிடைத்த வாணங்கள்

கி.பி. 1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் கோட்டை வாயிலருகே போரிட்டு ஷஹீதானார். அன்று மாலையிலேயே தொடங்கிய சூறையைப் பற்றி நம்மவர் நிறையப் படித்திருக்கிறார்கள். அரியணை துண்டு துண்டாக்கப்பட்டது. மரத்தாலான புலிப்பொம்மை கடல் கடந்து சென்று லண்டன் காட்சிச்சாலையில் இன்றும் உறுமும் கோலத்தில் நிற்கிறது. சுல்தானின் படுக்கையறை வாள் 2023 மே மாதம் லண்டனில் ஏலத்துக்கு வந்து, ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் பவுனுக்கு விலைபோயிற்று. பொன்னும் மணியும் பூண்ட பொருள்களின் கதை இது. ஆனால் அதே கோட்டையில் வென்றவர்கள் எண்ணிக் கணக்கெழுதிய வேறொரு பண்டமும் இருந்தது. எய்வதற்கு ஆயத்தமாக 700 போர் வாணங்கள்; மருந்து அடைக்கப்படாத வெற்றுக் குழல்கள் 9,000; எய்வதற்கான கருவிகள் 600. இவற்றை ஏலம் கேட்க அன்று ஒருவரும் இல்லை. ஆயினும் சுல்தானின் வாளைவிட இவ்விரும்புக் குழல்களுக்கே உலக வரலாற்றில் நீண்ட பயணம் வாய்த்தது என்பது நம் கருத்து.

பீரங்கிக் குண்டு, வெடிகுழல், தோட்டா உறை முதலிய பழைய போர்த் தளவாடங்களை மருந்து நீக்கிச் சேகரித்து வைக்கும் வழக்கம் மேனாடுகளில் ஊன்றியது. அதைச் சிலர் வெறும் பொழுதுபோக்காகக் கருதலாம். ஆங்கிலேயர் அதைப் பாடசாலையாகவே நடத்தினர். லண்டனை அடுத்த உல்விச்சில் 1778ஆம் ஆண்டிலேயே பீரங்கிப் படையினர் கற்பதற்கென ஒரு களஞ்சியத்தை நிறுவினர். அதை அமைத்தவர் வில்லியம் காங்கிரீவ் என்ற தளபதி. எதிரியின் ஆயுதத்தை அழித்துவிடாமல் கொண்டுவந்து, அளந்து, பிரித்துப் பார்த்து, சீட்டு எழுதி ஒட்டி வைப்பது அங்கே நியதி. அந்தச் சேகரத்தின் வழிவந்த அரசப் பீரங்கிப்படை அருங்காட்சியகத் தொகுதியில் மைசூர் வாணங்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்றின் இரும்புறை 10 அங்குல நீளமும் 2.3 அங்குல விட்டமும் உடையது. 3 அடி 4 அங்குல நீளமுள்ள நேரான வாளின் அலகோடு அது தோல்வாரால் கட்டப்பட்டிருக்கிறது. மற்றொன்று 7.8 அங்குல நீளமும் ஒன்றரை அங்குல விட்டமும் கொண்டது. அது 6 அடி 3 அங்குல மூங்கிற்கழியோடு பிணைக்கப்பட்டது. நெடுங்காலம் திப்புவின் ராக்கெட்டைப் பற்றி எழுதியவர்கள் அளவு கூற வேண்டுமானால் இவ்விரண்டையே நாடவேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கில் செய்த ஆயுதத்துக்கு எஞ்சிய சாட்சி இரண்டு. அவையும் எதிரியின் கையில்!

இங்கே ஒரு தடைக்கு விடை சொல்லிச் செல்வது நலம். உலகின் முதல் ராக்கெட்டைச் செய்தவர் திப்பு சுல்தானே என்று நம் மேடைகளில் முழங்குவோர் உண்டு. அது உண்மையன்று, சுல்தானுக்கு அப்படியொரு புகழ் தேவையுமில்லை. சீனர்கள் 13ஆம் நூற்றாண்டிலேயே வெடிமருந்து அம்புகளைப் போரில் ஏவினர். முகலாயர் படைகளிலும் இது இருந்தது. 'பாண்' என்று அக்கால ஏடுகள் இதனைக் குறிக்கின்றன. நம் ஊர்த் திருமணங்களில் விடும் வாணமும், வாணவேடிக்கை என்ற சொல்லும் அதே 'பாண'த்தின் வழிவந்தவையே. ஹைதர் அலியின் தந்தையார் ஃபத்ஹ் முஹம்மது, பூதிக்கோட்டையிலிருந்து ஆர்க்காட்டு நவாபின் சார்பில் ஐம்பது வாணக்காரர்களை நடத்தியவர் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். ஆக, மைசூருக்கு வருமுன்பே இக்கலை ஆர்க்காட்டுச் சீமையின் கணக்கில் ஏறியிருந்தது.

பின் மைசூரார் செய்த புதுமைதான் யாது? குழலை இரும்பால் செய்ததே அது. ஐரோப்பாவில் அந்நாளில் வாண உறையைக் காகித அட்டையால் செய்தார்கள். மருந்து எரியும்போது உள்ளே எழும் அழுத்தத்தை அட்டை தாங்காது. ஆகவே மருந்தைத் தளர்வாகவே இடிக்க வேண்டியிருந்தது. மைசூர்க் கொல்லர்கள் கரிச்சூளையில் உருக்கிய மென்மையான இரும்பைத் தகடாகத் தட்டி, சுருட்டிக் குழலாக்கினர். இரும்பு அழுத்தத்தைத் தாங்கியது. மருந்தை இறுக்கி அடைக்க முடிந்தது. வாணம் அதிகத் தொலைவு பாய்ந்தது. பின்னே கட்டிய நீண்ட கழியோ வாளோ அதன் போக்கை நேராக்கியது. வாள் கட்டிய வாணம் விசை தணிந்து விழும்போது சுழன்று சுழன்று அறுக்கும் என்பர். இதற்குமேல் நுட்பம் ஒன்றும் இல்லை. எளிமைதான் இதன் பலம். பீரங்கியை இழுக்கப் பல ஜோடி மாடுகள் வேண்டும். வாணத்தை ஒரு மனிதன் தோளில் சுமந்து செல்லலாம்.

ஹைதர் அலியின் படையில் 1,200 வாணக்காரர்கள் இருந்ததாகவும், திப்பு அவ்வெண்ணிக்கையை 5,000 ஆக உயர்த்தியதாகவும் கூறுவர். சுல்தானின் ஆணைப்படி எழுதப்பட்ட 'ஃபத்ஹுல் முஜாஹிதீன்' என்னும் படைநூல், ஒவ்வொரு குஷூனுக்கும் 200 வாணக்காரர்களை வகுத்தது. குஷூன் என்பது அவர் படையின் பெரும்பிரிவு. பெங்களூரில் தாராமண்டலப்பேட்டை என்று ஒரு பகுதி உண்டு. விண்மீன் கூட்டம் என்ற அப்பெயர் அங்கு நடந்த வாணத் தொழிலால் வந்ததென்பர். 1780 செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை முறியடிக்கப்பட்டபோது, கம்பெனியாரின் மருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்ததே போரின் திருப்பமாயிற்று; அதில் வாணங்களின் பங்கைப் பலரும் எடுத்துரைக்கிறார்கள். 1799 ஏப்ரல் 5ஆம் நாள் இரவில், ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே சுல்தான்பேட்டைத் தோப்பில் புகுந்த ஒரு கர்னல், துப்பாக்கிச் சூட்டாலும் வாணங்களாலும் நிலைகுலைந்து இருளில் பின்வாங்கினார். பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் கோமகன்தான் அந்தக் கர்னல்.

உல்விச்சில் களஞ்சியம் அமைத்த காங்கிரீவுக்கு அதே பெயரில் ஒரு மகன் இருந்தார். அவர் 1804ஆம் ஆண்டில் ராக்கெட் ஆராய்ச்சியில் இறங்கினார். இந்தியாவில் ராக்கெட்டுகள் போருக்குப் பயன்பட்டதைத் தாம் அறிந்திருந்ததாகவும், அவை சிறியவை, ஆயிரம் கெஜத்துக்கு மேல் செல்லாதவை என்றும் அவரே எழுதி வைத்தார். கடன்பட்டவர் கடன் கொடுத்தவரைச் சற்றுக் குறைத்துப் பேசுவது உலக இயல்புதானே! அவர் செய்த ராக்கெட்டுகள் 1806இல் பிரான்சின் பூலோன் துறைமுகத்தின் மீதும், 1807இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் மீதும், 1814இல் அமெரிக்காவின் பால்ட்டிமோர்க் கோட்டையின் மீதும் பாய்ந்தன. அமெரிக்க தேசிய கீதத்தில் வரும் ராக்கெட்டுகள் அந்தப் பால்ட்டிமோர் இரவின் ராக்கெட்டுகளே. அறுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வாலப்ஸ் ஏவுதளத்துக்குப் பயிற்சிக்காகச் சென்ற இராமேசுவரத்து இளைஞர் ஒருவர், அங்கே வரவேற்புக் கூடத்தில் மாட்டியிருந்த ஒரு போர்க்கள ஓவியத்தைக் கண்டு நின்றார். வாணங்களை ஏவும் வீரர்கள் கருநிறத்தவராக இருக்கக் கண்டு நெருங்கிப் பார்த்தபோது, அது திப்புவின் படை என்பது புலனாயிற்று. டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் தம் வரலாற்று நூலில் இதைக் குறித்திருக்கிறார். நம் நாட்டில் மறந்துபோன ஒன்று அந்நாட்டுச் சுவரில் மாட்டப்பட்டிருந்தது என்ற அவருடைய வியப்பு, நமக்கும் உறைக்க வேண்டியதே.

நம் நாட்டின் மண் மட்டும் மறக்கவில்லை. கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் நகரா என்றொரு சிற்றூர் இருக்கிறது. கெளதி நாயக்கர்களின் தலைநகராக பிதனூர் என்ற பெயரில் செழித்த ஊர் அது. 1763இல் ஹைதர் அலி அதைக் கைப்பற்றி ஹைதர் நகர் என்று பெயரிட்டார். 2002ஆம் ஆண்டில் அவ்வூர்க் கோட்டைப் பகுதியில் துருவேறிய இரும்புக் குழல்கள் நூற்றுக்கு மேல் கிடைத்தன. அவை இன்னவை என்று தெரியவே ஐந்து ஆண்டுகள் சென்றன. 2007இல்தான் அவை திப்பு காலத்துப் போர் வாணங்கள் என்று தெளிந்தார்கள். பின்னர் 2018 ஜூலையில் மாநிலத் தொல்லியல் துறையினர் அங்கே வறண்ட கிணறு ஒன்றை முறைப்படி அகழ்ந்தனர். சேற்றில் வெடிமருந்து நெடி வீசியதாம்! பதினைந்து பேர் மூன்று நாள் உழைத்ததில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழல்கள் ஒரே குவியலாக வெளிவந்தன. ஒவ்வொன்றும் ஒரு சாண், அல்லது அதற்குச் சற்று மிகுதியான நீளம். சிலவற்றில் வெடியுப்பும் கரியும் கலந்த மருந்தின் மிச்சமும் இருந்தது. அவை சிவமொக்கா அருங்காட்சியகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. இரண்டு என்றிருந்த சாட்சி ஒரே கிணற்றால் ஆயிரமாயிற்று.

மருந்தின் மிச்சம் என்றோம். சேகரிப்போர் உயிரைக் காக்கவும் போக்கவும் வல்லது இவ்விடமே. கருமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. மீதி கரியும் கந்தகமும். வெடியுப்பு நீரில் கரையும். ஆகவே நீண்டநாள் நீரில் கிடந்த குழலில் வலு குன்றியிருக்கலாம். ஆனால் நனைந்த மருந்து செத்த மருந்தன்று. உலர்ந்தால் மீண்டும் எரியும். வாய் இறுக அடைபட்ட பீரங்கிக் குண்டினுள்ளேயோ நீர் புகாமலே நூறு, நூற்றைம்பது ஆண்டுகள் மருந்து அப்படியே உறங்கும். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. அப்போரின் கப்பற்குண்டு ஒன்றை 2008ஆம் ஆண்டு தம் வீட்டு முற்றத்தில் துப்புரவாக்கிக்கொண்டிருந்த வர்ஜீனியா மாநிலத்துச் சேகரிப்பாளர் ஒருவர், அது வெடித்து மாண்டுபோனார். பழகிய கை, பல ஆண்டு அனுபவம். முதலாம் உலகப் போர் நடந்த பெல்ஜிய, பிரெஞ்சு வயல்களிலோ உழவர்கள் ஏர் ஓட்டும்தோறும் இன்றும் குண்டுகள் மேலெழுகின்றன. 'இரும்பு அறுவடை' என்றே அதற்குப் பெயர். துரு ஏறியிருப்பதால் குண்டு செத்துவிட்டது என்று கண்ணால் பார்த்துத் தீர்ப்பளிக்க எவராலும் ஆகாது. படைத்துறையின் வெடிமருந்து வல்லுநர் திறந்து பார்த்து, மருந்தையும் திரியையும் நீக்கிச் சான்று தந்த பிறகே அது காட்சிப்பொருள். அதுவரை அது ஆயுதம்தான்.

இத்தகைய பொருள் நம் வயலிலோ கிணற்றிலோ தட்டுப்பட்டால், தொடாமல் காவல் நிலையத்துக்கும் வட்டாட்சியருக்கும் தெரிவிப்பதே முறை. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டமும், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் இருக்கின்றன. பழைய இரும்புக் கடைக்குப் போட்டு எடைக்கு எடை காசு வாங்குவது எளிது. அப்படிப் போய்விட்டவை எத்தனை என்பதற்குக் கணக்கு வைத்தவர் யார்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மருந்தை நீக்குவதுபோலவே, வரலாற்றையும் நீக்கிவிடும் சேகரிப்பு உண்டு. எங்கே கிடைத்தது, எந்த ஆழத்தில், எதனோடு கிடந்தது என்ற குறிப்பில்லாத குண்டு, அலமாரியில் வைத்த இரும்புக்கட்டியன்றி வேறில்லை. சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் ஓர் உடைந்த குண்டுச் சில்லு இருக்கிறது. பார்வைக்கு ஒன்றுமில்லை. ஆனால் 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவில் 'எம்டன்' என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியபோது எறிந்த குண்டின் சில்லு அது என்ற ஒரு வரிக் குறிப்பு அதனோடு நிற்கிறது. தமிழில் 'எம்டன்' என்ற சொல்லே அந்த இரவால் வந்தது. அந்த ஒரு வரி போய்விட்டால் சில்லு வெறும் சில்லே.

நகராக் குழல்களுக்கு இப்போது தேவைப்படுவது புகழுரையன்று, பராமரிப்பு. ஈரமண்ணில் ஒருவகைச் சமநிலையில் கிடந்த இரும்பு, வெளியே வந்து காற்றுப் பட்டதும் முன்னிலும் விரைவாக உதிரத் தொடங்கும். உள்ளே ஊறிய உப்பை நீக்கி, ஈரம் புகாத பேழையில் வைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எண் இட்டு, எடையும் தகட்டின் கனமும் விட்டமும் பதிய வேண்டும். ஆயிரம் குழல்களின் அளவும் ஒருசேரக் கிடைத்தால், கொல்லர்கள் ஒரே அச்சில் செய்தார்களா, பட்டறைக்குப் பட்டறை மாறிற்றா, இரும்பு எத்தகையது என்பன போன்றவற்றை நேரே ஆராயலாம். உல்விச்சின் இரண்டு வாணங்களைக் கொண்டு அதைச் செய்ய இயலாது.

ஆனால் உல்விச்சில் இருப்பது நகராவில் இல்லை. கிணறு தந்தவை குழல்கள்; மூங்கிற்கழியும் தோல்வாரும் அவற்றோடு வரவில்லை. குழலைக் கழியோடு எத்தனை சுற்றுச் சுற்றினார்கள், வாரை எந்த இடத்தில் இறுக்கினார்கள், வாளின் அலகு எப்பக்கம் நோக்கியிருந்தது என்று காண விரும்புகிறவர், உல்விச்சுத் தொகுதியைத்தான் நாட வேண்டும். 2016இல் அந்த அருங்காட்சியகம் உல்விச்சில் மூடப்பட்டது; அதன் பொருள்கள் இங்கிலாந்தின் வில்ட்ஷயர்ப் பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. கட்டுடன் கூடிய இரண்டு வாணங்கள் அந்தத் தொகுதியில்; கட்டிழந்த ஆயிரம் குழல்கள் சிவமொக்காவில்.